கரண்ட் வைப்பதற்கு முன் ஆறு பற்களை எடுக்க வேண்டுமாம்: ஈறுகளைப் பற்றி அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கெடிலக்கரை (கடலூர்), ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. கடலூர் முதுநகரில் மீன்வலையும் கயிறும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து வலக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் வந்த ஆறாத புண் சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகி, பதினாறு நாட்களுக்கு முன் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை முடிந்தது. தாடை எலும்பை எடுக்க நேரவில்லை. அடுத்ததாக வாரத்திற்கு 5 நாள் வீதம் 30 முறை, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குக் கதிர்வீச்சு, அதாவது எங்கள் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட்’, வைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறார்கள்.

அதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈறுகளுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்து, படமும் எடுத்துப் பார்த்து, கீழ் வலப்புறத்தில் மூன்று, மேல் வலப்புறத்தில் இரண்டு, மேல் இடப்புறத்தில் ஒன்று என ஆறு பற்களை எடுத்துவிட வேண்டும், எஞ்சியவற்றில் படிந்து இறுகியிருக்கும் காரையை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை கதிர்வீச்சைத் தொடங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆறில் இரண்டு மட்டுமே ஆடுகின்றன. மற்ற நான்கிலும் வலியும் இல்லை, சொத்தையும் இல்லை.

அப்பா மறுக்கிறார். கத்தி பட்ட இடத்திலேயே மறுபடியும் கை வைத்தால் நோய் பரவும் என்பது அவருடைய அச்சம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்பது என் அத்தையின் அச்சம். சுத்தம் செய்தால் இருக்கிற பற்களும் ஆடிவிடும் என்பது அக்கம்பக்கத்தார் அனைவரின் அச்சம். எனக்கோ ஒரே ஒரு ஐயம்தான்: புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் அவசரத்தில் ஈறுகளுக்காக இரண்டு வாரங்களை ஏன் செலவிட வேண்டும்? அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இளைப்பாறிய பல்மருத்துவன் (சிதம்பரம்), ஞாயிறு, இரவு 11.25

தம்பி, உங்கள் தந்தையின் வாயையோ படங்களையோ பார்க்காமல் எந்தப் பல்லை எடுக்க வேண்டும் என்று நான் கூறுவது முறையாகாது. ஆனால் அவ்வாறு ஏன் கூறியிருப்பார்கள் என்பதை விளக்க முடியும். சற்று நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு புற்றணுக்களை அழிக்கும்போது அதன் பாதையில் இருக்கும் நல்ல திசுக்களும் அடிபடுகின்றன. வாயைப் பொறுத்தவரை இரண்டு இழப்புகள் பெரியவை. முதலாவது, உமிழ்நீர். நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அது பல்லைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, பல்லின் மேற்பரப்பில் கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கிறது, கிருமிகளையும் பூஞ்சையையும் கட்டுக்குள் வைக்கிறது. காதடியிலும் தாடைக்குக் கீழும் உள்ள சுரப்பிகள் கதிரின் பாதைக்குள் வந்தால், முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்கிவிடும். எஞ்சுவதும் கெட்டியாக, நூல் போல இழுபடும். இக்காலத்து நுட்பமான முறைகளில் ஒரு பக்கத்துக் காதடிச் சுரப்பியையாவது காப்பாற்ற முயல்கிறார்கள். பழைய கோபால்ட் இயந்திரக் காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரும் முன்னேற்றம்தான் என்றாலும், முழுப் பாதுகாப்பு என்று கூற இயலாது.

இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. தாடை எலும்புக்கும், பல்லை எலும்போடு கட்டி நிறுத்தும் நார்ப்படலத்துக்கும், ஈறுகளுக்கும் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கதிர்வீச்சால் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. எலும்பைப் புதுப்பிக்கும் அணுக்களும் குறைகின்றன. புண் தோலில் ஆறிவிடுவது போல எலும்பில் ஆறாது. குறிப்பாக மேல்தாடையைவிட இரத்த ஓட்டம் குறைவான கீழ்த்தாடையில் இடர் மிகுதி. ஏறத்தாழ 60 கிரேயும் அதற்கு மேலும் வாங்கிய எலும்பில் பின்னாளில் பல் பிடுங்கினால், அந்தக் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தபடியே அழுகத் தொடங்கும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல உடம்பு தேறிவிடும், அதன் பிறகு பிடுங்கிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். இரத்த ஓட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போவதால் இந்தக் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆடாத பல்லை ஏன் எடுக்க வேண்டும்? ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இயல்பாக இருக்கும் இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர். ஈறு நோயில் அது ஆழமாகிப் பை போல மாறும். 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடம் வரை எலும்பு கரைந்திருந்தாலோ, அந்தப் பல் இன்று உறுதியாக நின்றாலும் உமிழ்நீர் வற்றிய வாயில் நீண்ட நாள் நிற்காது. எடுக்கவே கூடாத ஒரு காலத்தில் அது எடுக்கச் சொல்லி நிற்கும். ஆகவே, பின்னால் இடர் தரக்கூடிய பல்லை எலும்பு நலமாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறோம். எடுத்த குழியின் மேல் சதை மூடுவதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள், இயன்றால் 21 நாட்கள் தேவை. நீங்கள் ‘செலவு’ என்று குறிப்பிட்ட இரண்டு வாரம் இதுதான்.

ஆனால் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கதிர்வீச்சை ஆறு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. உங்கள் தந்தைக்குப் பதினாறு நாட்கள் கடந்துவிட்டன. இந்த வாரத்திற்குள் பற்களை எடுத்தால் இரண்டு கடிகாரமும் பொருந்தி வரும். அடுத்த வாரமும் வீட்டில் விவாதம் நடந்தால் பொருந்தாது. என்னைக் கேட்டால், அறுவைக்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பி, மயக்க மருந்து கொடுத்த அன்றே பற்களையும் எடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் இது நடப்பதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

ஒரு செய்தியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நோய் வலப்புறம் என்றால் மேல் இடப்புறப் பல் கதிரின் பாதையில் வருகிறதா? அங்கே எவ்வளவு கிரே விழும் என்பதைக் கதிர்வீச்சு மருத்துவர் தம் திட்டப் படத்தை வைத்துக் கூற முடியும். விழுவது குறைவென்றால் அந்த ஒரு பல்லைக் காப்பாற்றுவது குறித்துப் பேசலாம்.

கண் பார்வைக்கும் மேல் பல்லுக்கும் தொடர்பில்லை. சுத்தம் செய்வதால் பல் ஆடுவதில்லை; ஈறின் வீக்கமும் காரையும் சேர்ந்து முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த பல், அவை நீங்கியதும் தன் உண்மையான நிலையைக் காட்டுகிறது. பழி சுத்தம் செய்தவர் மேல் விழுகிறது!

அரியாங்குப்பத்தான் (புதுச்சேரி), திங்கள், காலை 6.40

மருத்துவர் ஐயா கூறிய அந்த ‘எலும்பு அழுகும்’ நிலையை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சையில் குணமானது. சிகிச்சை பெற்ற இடத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் தொடக்கத்தில் என் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்க்கச் சொன்னவர் எவருமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வலியில்லாமலே ஆடத் தொடங்கியது. தெருமுனையில் இருந்த பல் மருத்துவரிடம் சென்று எடுத்துக்கொண்டேன். கதிர்வீச்சு வாங்கியவன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிட வேலை.

அந்தக் குழி மூடவேயில்லை. நாக்கால் தடவினால் சொரசொரப்பாக ஏதோ தட்டும். அது என் எலும்பு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கெட்ட வாடை வந்து, பேரக் குழந்தை அருகில் வர மறுத்தாள். மாத்திரைகள், வைட்டமின் ஈ, சிறுசிறு எலும்புச் சில்லுகளை நீக்குதல் என்று ஓராண்டுக்கும் மேல் கடந்த பின், தாடையில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் காலிலிருந்து எலும்பை எடுத்து வைத்தார்கள். இன்று நான் சோற்றைக் குழைத்துத்தான் உண்கிறேன்.

ஆகவே உங்கள் தந்தையாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆறு பல் போனாலும் தாடை இருக்கும். எனக்கு ஒரு பல்லை எடுத்ததில் தாடையே போயிற்று.

மஞ்சக்குப்பம் வாசகி, திங்கள், காலை 10.15

இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு நடக்கிறது. அவருக்கும் ஈறுகளில் இரத்தம் கசிகிறது. அவரும் பல்லை எடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டுமா?

இளைப்பாறிய பல்மருத்துவன் (சிதம்பரம்), திங்கள், பிற்பகல் 1.05

வேண்டியதில்லை, அம்மா. கதிர்வீச்சு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்தைத்தான் தாக்கும்; மார்பில் விழுவது தாடைக்கு வருவதில்லை. ஈறுகளில் இரத்தம் கசிவதற்கு வழக்கமான காரை காரணமாக இருக்கலாம், அல்லது ஊசி மருந்துச் சிகிச்சையும் நடந்தால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பாருங்கள். தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தால் பல் எடுப்பது போன்றவற்றைப் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள்.

ஆனால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, எலும்புத் தேய்மானத்துக்காகவோ ‘எலும்பு ஊசி’ என்று சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாபோ போட்டால், அந்த மருந்தாலும் தாடை எலும்பு ஆறாத நிலை உண்டாகலாம். வழி வேறு, விளைவு ஏறத்தாழ ஒன்று. முதல் ஊசிக்கு முன்பே ஈறுகளையும் பற்களையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வேப்பமரத்தடி (பண்ருட்டி), திங்கள், மாலை 7.50

எல்லாரும் பல்லைப் பிடுங்குவதையே பேசுகிறீர்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வைத்த ஊர் இது. என் பாட்டனார் எண்பது வயது வரை வேப்பங்குச்சியால் துலக்கி முறுக்கைக் கடித்தார். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, உப்பும் கரியும் கலந்த பல்பொடி, இரவில் ஈறுகளில் தேன் ஆகியவை எந்தக் கதிர்வீச்சையும் தாங்கும் என்பது என் கருத்து. பல் மருத்துவர்களுக்குப் பிடுங்கினால்தானே காசு?

கோரிமேட்டுப் பணியாளர் (புதுச்சேரி), திங்கள், இரவு 10.30

நான் கதிர்வீச்சுப் பிரிவு ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எழுதுவது என் சொந்தக் கருத்தே தவிர என் நிறுவனத்தின் கருத்தன்று. வேப்பமரத்தடி ஐயாவின் பாட்டனாருக்கு வணக்கம். ஆனால் அவருக்கு உமிழ்நீர் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வாரம் வாரியாக நான் காண்பதைச் சொல்கிறேன். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. நோயாளிகள் ‘இவ்வளவுதானா கரண்ட்?’ என்று சிரிப்பார்கள். இரண்டாம் வார முடிவில் வாயின் உட்புறம் சிவந்து, சுவை மாறி, ரசம் எரியத் தொடங்கும். நான்காம், ஐந்தாம் வாரத்தில் கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெண்படலத்தோடு புண்கள் வரும். அந்தக் கட்டத்தில் வேப்பங்குச்சியின் நாரோ கரித்தூளோ பட்டால் மெலிந்திருக்கும் ஈறு கிழிந்துவிடும். கிழிந்த இடம் கிருமிக்கு வாசல். புண் வலிக்கிறது என்று பல் துலக்குவதையே பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் ஈறு நோய் ஓசையில்லாமல் வளர்கிறது. வலி எல்லா இடத்திலும் இருப்பதால் ஈறு வலி தனியாகத் தெரிவதில்லை.

நாங்கள் சொல்லிக்கொடுப்பது எளிய முறை. குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷை வெந்நீரில் சற்று நேரம் ஊறவைத்து, ஈறின் விளிம்பை மெதுவாகத் தடவுவது போலத் துலக்க வேண்டும். காரமும் நுரையும் மிகுந்த பற்பசை எரியும்; காரமில்லாத, ஃபுளோரைடு உள்ள பற்பசை போதும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து வைத்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மறுநாள் புதிதாகக் கலக்க வேண்டும். சோடா என்றால் ஆப்பச் சோடாதான். ஒருவர் பாட்டில் சோடாவை வாங்கிக் கொப்பளித்துவிட்டு வந்த நாளிலிருந்து இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். சாராய வகை கலந்த கொப்பளிப்பு மருந்துகளைத் தொடக் கூடாது. வலி தணிக்கும் பென்சிடமைன் கொப்பளிப்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயன்படுத்தலாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு பல்லில் படலம் சேராமல் தடுக்குமே தவிர, கதிர்வீச்சுப் புண்ணை வராமல் தடுப்பதற்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

தேனைப் பற்றி ஐயா சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி ஒன்றிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது புண்ணுக்கான வழி. உமிழ்நீர் இல்லாத வாயில், இரவு முழுவதும், ஈறின் விளிம்பில் இனிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது சொத்தையைக் கூவி அழைப்பதாகும். தேன் பயன்படுத்த விரும்புகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடட்டும். தடவிக்கொண்டு உறங்க வேண்டாம்.

கெடிலக்கரை அவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பற்களை எடுத்து வீக்கம் வடிந்த பிறகே முகமூடிக்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் இளகும் அந்தப் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் பொருத்திச் செய்வதால், பிறகு முகத்தின் அமைப்பு மாறினால் முகமூடி பொருந்தாது. மேலும், அப்பாவின் வாயில் உலோக மூடி போட்ட பல் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். உலோகத்தில் பட்டுச் சிதறும் கதிர் அதை ஒட்டிய ஈறையும் கன்னத்தையும் கூடுதலாகப் புண்ணாக்கும்; இடையில் வைக்கச் சிறு தடுப்பு செய்து தருவார்கள்.

வேப்பமரத்தடி (பண்ருட்டி), செவ்வாய், காலை 8.05

காசு பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண்ணெய்க் கொப்பளிப்பு மட்டுமாவது செய்யலாமா?

இளைப்பாறிய பல்மருத்துவன் (சிதம்பரம்), செவ்வாய், காலை 11.40

புண் இல்லாத காலத்தில், துலக்கிய பிறகு, கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். வறண்ட வாய்க்கு வழவழப்பு கிடைக்கும். துலக்குவதற்கு மாற்றாகச் செய்யாதீர்கள். எண்ணெயில் ஃபுளோரைடு இல்லை.

கெடிலக்கரை (கடலூர்), புதன், இரவு 8.20

அரியாங்குப்பத்தான் ஐயா எழுதியதை அப்பாவுக்கு நேற்று இரவு படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணைக்குச் சென்றுவிட்டார். காலையில், ‘எந்த வண்டியில் போகலாம்?’ என்று மட்டும் கேட்டார்.

இன்று கதிர்வீச்சு மருத்துவரையும் பல் மருத்துவரையும் ஒரே நாளில் பார்த்தோம். மேல் இடப்புறப் பல்லைப் பற்றி நான் கேட்டபோது இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு மிகக் குறைந்த அளவே வரும் என்பதால் அதை எடுக்காமல், ஆழச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆக, ஐந்து. நாளை எடுக்கிறார்கள். காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 190 இருந்தது. அதற்கும் மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு எஞ்சியிருக்கும் பற்களையும் ஈறுகளையும் எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? ஆறு மாதம் என்று ஒருவர் சொன்னார்.

இளைப்பாறிய பல்மருத்துவன் (சிதம்பரம்), புதன், இரவு 10.50

ஆயுள் முழுவதும், தம்பி. வாய்ப்புண்கள் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். உமிழ்நீரும் எலும்பின் இரத்த ஓட்டமும் அவ்வாறு திரும்புவதில்லை.

கதிர்வீச்சுக்குப் பின் வரும் சொத்தைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வழக்கமான சொத்தை பல்லின் மேற்பரப்புக் குழிகளில் தொடங்கும். இது ஈறின் விளிம்பை ஒட்டி, பல்லின் கழுத்தைச் சுற்றி வளையமாக அரித்து, ஒரு நாள் பல்லை வெட்டிய கரும்பு போல முறித்துவிடும். சில மாதங்களிலேயே இவ்வாறு நேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும், ஏனென்றால் வேரின் மேல் எனாமல் கிடையாது. ஈறைக் காப்பதும் சொத்தையைத் தடுப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன.

ஆகவே கதிர்வீச்சு தொடங்கும் முன்பே பற்களுக்கு அச்சு எடுத்து, மேலுக்கும் கீழுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாங்கிகள் செய்துகொள்ளுங்கள். அதில் 1.1 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு களிம்பைச் சிறிது தடவி, இரவில் துலக்கிய பின் 5 முதல் 10 நிமிடம் மாட்டியிருந்து, துப்பிவிட்டு, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், பருகாமல், கொப்பளிக்காமல் இருக்க வேண்டும். அமிலத்தன்மையற்ற வகையாகப் பார்த்துக் கேளுங்கள். அமில வகை மெலிந்த சதையில் எரியும். புண் கடுமையாக இருக்கும் வாரங்களில் தாங்கியை நிறுத்திவைத்து, ஆறியதும் தொடரலாம்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டி, காரையை மென்மையாக நீக்கிக்கொள்ளலாம், அது தீங்கன்று. ஈறைக் கிழித்துச் செய்யும் அறுவையைக் கதிர் பட்ட பக்கத்தில் தவிர்ப்போம். பின்னாளில் ஒரு பல் கெட்டே போனால், எடுப்பதற்கு முன் வேர்ச்சிகிச்சை செய்து, மேல் பகுதியை ஈறு மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை எலும்பிலேயே விட்டுவைக்க முடியுமா என்று பார்ப்போம். அழகாக இராது, தாடை இருக்கும். எடுத்தே தீர வேண்டுமென்றால், தாடை அறுவை வல்லுநர் இருக்கும் மருத்துவமனையில், ஒரு நேரத்தில் ஓரிரு பற்களாக, எலும்பைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். இதற்கு முன்னெச்சரிக்கையாக, காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைப்பதுண்டு. 2019-இல் வெளிவந்த ஹோப்பான் (HOPON) என்ற ஆய்வில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அதற்காகச் சென்னைக்கு அலைந்து பணத்தைக் கரைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்ததும் எந்தப் பக்கம், எத்தனை கிரே என்ற சுருக்கக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகல் ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும் உட்காரும் முன் அதை நீட்டச் சொல்லுங்கள்.

அரியாங்குப்பத்தான் (புதுச்சேரி), வியாழன், காலை 6.15

வாய் திறக்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கதிர்வீச்சு பட்ட தாடைத் தசை இறுகினால் வாய் திறக்காது. திறக்காத வாயில் பிரஷ்ஷும் நுழையாது, மருத்துவரின் கருவியும் நுழையாது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் முதல் மாதம் செய்துவிட்டு நிறுத்தினேன். அந்தத் தவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் வருவதானால் கொப்பளிக்கும் நீரை ஒரு பாட்டிலில் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் கன்னியக்கோயில் நிறுத்தத்தில் இறங்கும் பழக்கம் அப்பாவுக்கு உண்டென்றால், அதை இப்போதே விட்டுவிட வேண்டும். எதற்காகச் சொல்கிறேன் என்பது கடலூர்க்காரர்களுக்குப் புரியும்.

கெடிலக்கரை (கடலூர்), இரண்டு வாரம் கழித்து, வியாழன், இரவு 9.30

தாமதத்திற்கு மன்னிக்கவும். ஐந்து பற்களையும் அன்றே எடுத்து, கூரான எலும்பு விளிம்புகளை மழுக்கித் தையல் போட்டார்கள். எடுத்த பற்களை அப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆடவே இல்லை என்று அவர் வாதிட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில், நுனிக்குச் சற்று மேலே வரை கறுத்த காரை அப்பியிருந்தது. ‘இது எதைப் பிடித்துக்கொண்டு நின்றது?’ என்று மருத்துவரிடம் கேட்டார். புகையிலைப் பொட்டலத்தை அவர் கடைப் பெட்டியில் இன்னும் வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரே எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

இன்றோடு பதினான்கு நாட்கள். நான்கு குழிகள் நன்றாக மூடிவிட்டன. ஐந்தாவதில் சிறு பள்ளம் இருக்கிறது, எலும்பு தெரியவில்லை, போதும் என்றார் பல் மருத்துவர். தாங்கிகள் தயாராகிவிட்டன. நாளை முகமூடிக்கு அளவு எடுக்கிறார்கள், அடுத்த வியாழக்கிழமை முதல் கரண்ட். அறுவையிலிருந்து எண்ணினால் அது 41-ஆம் நாள்.

அம்மா உப்பும் சோடாவும் அளப்பதற்கென்று ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். கோரிமேட்டுப் பணியாளர் அவர்களுக்கு ஒரு கேள்வி: முகமூடி போட்டிருக்கும் நேரத்தில் உமிழ்நீரை விழுங்கலாமா, அசையாமல் இருக்க வேண்டுமா என்று அப்பா கேட்கிறார்.

கோரிமேட்டுப் பணியாளர் (புதுச்சேரி), வியாழன், இரவு 10.05

இயல்பாக விழுங்கலாம், மூச்சும் இயல்பாக விடலாம். தலையைத் திருப்ப மட்டும் முயல வேண்டாம், வலை அதற்கு இடமும் கொடுக்காது. படுப்பதற்கு முன் ஒரு முறை கொப்பளித்துவிட்டு வரட்டும். உள்ளே சில நிமிட வேலைதான். ஏதேனும் திணறினால் கையை உயர்த்தச் சொல்லுங்கள், வெளியே திரையில் பார்த்துக்கொண்டே இருப்போம்.